கரண்ட் பில் 1,200 ரூபாய்தான் வருகிறது, சோலார் போடலாமா?

2024 ஆகஸ்ட் 18, கரூரிலிருந்து வந்த கேள்வி

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் 1,200 ரூபாய்க்குப் பக்கம். ஏசி இல்லை. மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், டிவி, அவ்வளவுதான். மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, 3 கிலோவாட் போட்டால் நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும், அப்புறம் இருபது வருஷம் கரண்ட் இலவசம் என்று ஒரு சோலார்க்காரர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?

2024 ஆகஸ்ட் 18, இரவு

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம், அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் வேண்டவே வேண்டாம். நான் கோவையில் இந்த வருஷம்தான் 3 கிலோவாட் போட்டேன், பார்க்கிறவர்களிடமெல்லாம் போடச் சொல்கிறேன். அப்படிப்பட்ட நானே உங்களுக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

1,175 ரூபாய் என்றால் 400 யூனிட். ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு கணக்கு இது: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35, அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு 4.70. 235-ம் 940-ம் சேர்ந்து 1,175. ஆக வருஷம் முழுக்க நீங்கள் கட்டுவதே ஏழாயிரம் சொச்சம். பேனல் போட்டு பில்லை அடியோடு பூஜ்யமாக்கினாலும் அந்த ஏழாயிரத்துக்கு மேல் மிச்சமாக வழியே இல்லை. 3 கிலோவாட்டுக்கு இப்போது இரண்டு லட்சத்துக்குப் பக்கம் கேட்கிறார்கள், மானியம் கழித்தாலும் ஒன்றேகால் லட்சம் கையிலிருந்து போகும். வகுத்துப் பாருங்கள், பதினேழு பதினெட்டு வருஷம். நடுவில், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

வந்தவர் சொன்ன நாலு வருஷம் முழுப் பொய்யில்லை. அது வேறு ஒரு வீட்டின் கணக்கு. எந்த வீடு என்பதை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 19

அந்த வீடு இதுதான். மாடியும் கீழுமாக ஒரே மீட்டர், இரண்டு ஏசி, போர் மோட்டார், கீசர், இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட். 500-ஐத் தாண்டியதும் நம் ஊர் கட்டணத்தில் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, 101-லிருந்து 200 வரை கிடைத்த 2.35 என்ற சலுகை போய்விடும், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். இரண்டு, மேலே போகப் போக விலை ஏறிக்கொண்டே போகும்: 501-லிருந்து 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 1,200 யூனிட்டுக்கு பில் 9,180 ரூபாய்.

இந்த வீட்டில் 3 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு கிலோவாட்டுக்கு 4 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும். மீதி 480 யூனிட்டுக்கு பில் 1,680 ரூபாய்க்குள். ஒரு பில்லில் மிச்சம் 7,500. வருஷத்துக்கு 45,000. இவர்களுக்கு மூன்று வருஷத்துக்குள்ளேயே போட்ட காசு வந்துவிடும்.

இதைத்தான் விற்க வருகிறவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. பேனல் உங்கள் பில்லை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வருகிறது. முதலில் போவது 11 ரூபாய் யூனிட், அப்புறம் 10 ரூபாய் யூனிட், அப்படியே இறங்கி 4.70, 2.35, கடைசியில் அரசு சும்மா கொடுக்கும் 100 யூனிட். உங்கள் வீட்டில் வெட்டுவதற்கு மேல்தட்டு யூனிட்டே இல்லை. குஜராத்தில் இவ்வளவு பேர் மொட்டை மாடியில் போட்டிருக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். 100 யூனிட் இலவசமும் மலிவான கீழ்த்தட்டும் இருக்கும்போது சின்ன வீட்டுக்காரருக்கு அவசரம் எதுவும் இல்லை, அதில் தப்பும் இல்லை.

2024 ஆகஸ்ட் 19, கொஞ்ச நேரம் கழித்து

அரசு இலவசத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுத்தினால் அன்றைக்குப் போடலாம், வெயில் எங்கேயும் போகாது. வராத விலையேற்றத்துக்கு இன்றைக்கே ஒன்றேகால் லட்சத்தைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

2024 ஆகஸ்ட் 24

கரூர் தம்பி, சோலார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போக மனசில்லை. உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் வேலை ஒன்று இருக்கிறது, ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். 45 வாட் மிச்சம், நம் ஊர் வெக்கைக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட். மூன்று ஃபேனுக்கு 120. பில் 400 யூனிட்டிலிருந்து 280-க்கு வரும், 1,175 ரூபாய் 611 ஆகும். ஃபேன் ஒன்று மூவாயிரம் என்று வைத்தால் ஒன்பதாயிரம் செலவு, மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும். பதினேழு வருஷம் எங்கே, மூன்று வருஷம் எங்கே.

நான்கூட சோலார் போடுவதற்கு முன்னால் ஃபேன்களை மாற்றிவிட்டுத்தான் எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்தேன். வரிசை முக்கியம். முதலில் செலவைக் குறை, அப்புறம் மிச்சத்துக்கு பேனல் போடு.

2024 செப்டம்பர் 7

திருப்பூர் அண்ணன் கேட்டது: "எங்கள் வீடு 560 யூனிட். 3 கிலோவாட்டே போட்டுவிடலாமா, மானியம் முழுசாகக் கிடைக்குமே?"

அண்ணே, மானியம் முழுசாகக் கிடைக்கிறது என்பதற்காக அளவைக் கூட்டாதீர்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலேயும் 78,000. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது 18,000 மட்டும்தான். உங்கள் 560 யூனிட்டுக்கு இப்போது பில் 2,544. 1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் போய் 320 நிற்கும், 500-க்குக் கீழே இறங்கிவிட்டதால் பழைய சலுகையும் திரும்ப வரும், பில் 799. ஒரு பில்லுக்கு 1,745 மிச்சம், வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். மானியம் போக 45,000 ரூபாய் செலவு என்றால் நாலரை வருஷத்துக்குள் முடிந்தது. இரண்டாவது கிலோவாட் என்ன செய்யும்? அந்த 799-ஐப் பூஜ்யம் ஆக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. வருஷத்துக்கு 4,800 ரூபாய், அதற்கு இன்னொரு 35,000 போட வேண்டும், ஏழு வருஷம் ஆகும். மூன்றாவது கிலோவாட் மிச்சம் யூனிட்டைத் தயாரித்து ஈ.பி.க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது அடுத்த பில்லுக்குக் கடத்தப்படும், அடுத்த பில்லிலும் உங்களுக்குத் தேவை இருக்காது.

ஆக உங்களுக்கு 1 கிலோவாட், ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் 2. ஒரு கிலோவாட் வேலைக்குப் பலர் வர மாட்டார்கள், லாபம் குறைவு என்று பெரியதைத் தள்ளப் பார்ப்பார்கள். விடாமல் கேளுங்கள். இன்வெர்ட்டரை மட்டும் 2 கிலோவாட் தாங்குவதாக வாங்கி வைத்தால் பின்னால் பேனல் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 செப்டம்பர் 8

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. சோலார் உற்பத்திக்கு என்று நெட்வொர்க் கட்டணம் (ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கு) ஒன்றும் பில்லில் சேரும். மேலே உள்ள மிச்சக் கணக்கிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பில்லே வராது என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் இதை முதலில் கேளுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

2024 அக்டோபர் 20

இரண்டு பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார்கள்: ஆப்பில் 14 யூனிட் காட்டுகிறது, மீட்டரில் எக்ஸ்போர்ட் 9 தான் ஏறியிருக்கிறது, 5 யூனிட் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை, உங்கள் வீடே சாப்பிட்டுவிட்டது. பகலில் பேனலிலிருந்து வரும் கரண்ட் முதலில் வீட்டுக்குள் ஓடும் ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் போகும், மிச்சம்தான் மீட்டரைத் தாண்டி வெளியே போகும். அந்த 5 யூனிட் மீட்டரைத் தொடவே இல்லை. சோலார் வீட்டில் வைக்கும் நெட் மீட்டரின் திரை சில வினாடிக்கு ஒருமுறை மாறும். இம்போர்ட் (ஈ.பி.யிலிருந்து வாங்கியது) ஒரு எண், எக்ஸ்போர்ட் (வெளியே அனுப்பியது) ஒரு எண். இரண்டையும் ரீடிங் எடுக்க வரும் நாளன்று போட்டோ எடுத்து வையுங்கள், இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இம்போர்ட்டில் எக்ஸ்போர்ட்டைக் கழித்தால் பில்லில் வர வேண்டிய யூனிட். மோட்டாரைக் காலை 11 மணிக்குப் போடுவதா ராத்திரி போடுவதா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். இப்போதைய நெட் மீட்டர் முறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

2024 நவம்பர் 17

மழை. இந்த மாதம் உற்பத்தி இறங்கிவிட்டது. நாள் முழுக்க மூடிக்கிடந்தால் 3 கிலோவாட்டில் 4 யூனிட்கூட வருவதில்லை, மறுநாள் மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தால் 14 வரை போகிறது. சித்திரை வெயிலில்தான் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும், மே மாத மத்தியானம் பேனல் 60 டிகிரிக்கு மேல் போகும். நல்ல வெயிலும் கொஞ்சம் குளிர்ந்த காற்றும் சேர்ந்து கிடைக்கும் மாசி, பங்குனிதான் அதற்கு ராஜ காலம். ஆகவே யாராவது மார்ச் மாத உற்பத்தியைக் காட்டி அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2024 டிசம்பர் 8

கடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, அதைப் பார்த்த பிறகு மாடியில் கண்ணாடியைப் பரப்பி வைக்க பயமாக இருக்கிறதாம். நியாயமான பயம். கடலோரத்தில் இருக்கிறவர்கள் எட்டடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டும் ஸ்ட்ரக்சரை இரண்டு முறை யோசியுங்கள். பார்க்க அழகு, கீழே வத்தல் வடகம் காயப்போடலாம், துணி உலர்த்தலாம், எங்கள் வீட்டிலும் அம்மாவுக்காக அப்படித்தான் கட்டினோம், கோவையில் அது சரி. புயல் அடிக்கும் ஊரில் அந்த உயரத்தில் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும். தாழ்வாக, 10, 12 டிகிரி சாய்வில், தெற்கு பார்த்துப் போடுங்கள். நம் அட்சரேகைக்கு அவ்வளவு சாய்வு போதும். கால்களைத் தளத்தின் மேல் சும்மா கான்கிரீட் கட்டையில் உட்கார வைத்திருக்கிறார்களா, கம்பியோடு பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். உப்புக் காற்றுக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ இரும்பு வேண்டும், பெயின்ட் அடித்த இரும்பு இரண்டே மழைக்காலத்தில் செதில் செதிலாக வரும். நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ். வீட்டுக் கரண்ட் (ஏசி) பக்கத்துக்கும் பேனல் கரண்ட் (டிசி) பக்கத்துக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த். இதில் சேரும் பத்தாயிரத்தைச் செலவு என்று பார்க்காதீர்கள், இருபது வருஷக் கணக்கு நிற்பதே இதன் மேல்தான்.

2025 பிப்ரவரி 2

பேட்டரி வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், முக்கியமாக 2012 மின்வெட்டை மறக்காதவர்கள். ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். நெட் மீட்டரோடு, ஈ.பி. லைனில் இணைத்துப் போடும் சாதாரண ஆன்கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மனித உயிர் சம்பந்தப்பட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட் ஆனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்க வேண்டும், செலவு கணிசமாக ஏறும். அது நிம்மதிக்குக் கொடுக்கும் விலை. சேமிப்புக் கணக்கில் அதைக் கலக்காதீர்கள். வீட்டில் ஆக்ஸிஜன் மிஷினில் இருக்கும் பெரியவர் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அங்கே கணக்கே போடக்கூடாது.

2025 பிப்ரவரி 3

காற்றாலை கேட்டவருக்கு: முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாடி சுற்றுவதைப் பார்த்துவிட்டு மாடியில் ஒன்று வைக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வீடுகளும் தென்னையும் சுற்றி நிற்கும் தெருவில் ஆடிக்காற்றுகூட சுழன்று சுழன்றுதான் வரும். வேண்டாம்.

2025 ஏப்ரல் 12

கேஸ் விலை 50 ரூபாய் ஏறி சென்னையில் சிலிண்டர் 868.50 ஆகிவிட்டது. இன்டக்‌ஷனுக்கு மாறலாமா என்று மனைவி கேட்டாள், உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இன்டக்‌ஷனில் செய்ய 120 யூனிட்டுக்குப் பக்கம் ஆகும். 4.70 ரூபாய்த் தட்டில் இருக்கும் வீட்டுக்கு அது 560 ரூபாய், லாபம். 9.45 தட்டில் இருக்கும் வீட்டுக்கு 1,130, நஷ்டம். பேனல் போட்டுவிட்டு மிச்சம் யூனிட் வைத்திருக்கும் வீட்டுக்கு ஏறக்குறைய இலவசம். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, தட்டைப் பொறுத்து பதில் மாறுகிறது.

இங்கே கீசரையும் சொல்லிவிடுகிறேன். 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 2.3 யூனிட். தினமும் செய்தால் இரண்டு மாதத்தில் 140. குளிர் அதிகமுள்ள ஊரில், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருக்கிறவர்கள் பேனலுக்கு முன்னால் சோலார் வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் குழாய்த் தண்ணீரே சுடுகிறது, அங்கே தேவையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழாயைக் கழற்றியபோது பார்த்தேன், விரல் மொத்தத்துக்குச் சுண்ணாம்பு. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் லைனை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

2025 ஜூன் 15

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முடிந்தது. வெயில் கால பில்லில் 950 யூனிட் ஓடினால் முன்பு 6,300-க்கு மேல் கட்டியிருப்போம், இப்போது 500-க்குள். மழைக்கால பில்லில் உற்பத்தி குறைந்தாலும் ஏசி ஓடாததால் பில் பெயருக்குத்தான் வந்தது. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 27, 28 ஆயிரம் மிச்சம். கையிலிருந்து போனது 1,27,000. ஐந்தாம் வருஷத்துக்குள் திரும்பும்.

அதே பணத்தை பேங்கில் போட்டிருந்தால் என்ற கேள்வியைச் சேலத்திலிருந்து ஒரு சார் கிளப்பினார், பேங்கிலேயே வேலை பார்த்தவர் போல. நல்ல கேள்வி, இதைப் போடாமல் நீண்டகாலச் சேமிப்பு என்று பேசவே கூடாது. 1,27,000-ஐ 7 சதவீதத்தில் 25 வருஷம் விட்டுவைத்தால் 6.9 லட்சம் ஆகும், வரி போகக் குறையும். வருஷத்துக்கு மிச்சமாகும் 28,000-ஐ அதே 7 சதவீதத்தில் போட்டுக்கொண்டே வந்தால் 25 வருஷத்தில் 17 லட்சத்துக்கு மேல். இன்வெர்ட்டர் இரண்டு முறை மாற்றினாலும், பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் தேய்ந்தாலும், சோலார்தான் ஜெயிக்கிறது. மிச்சமான கரண்ட் பில்லுக்கு வருமான வரியும் இல்லை. இப்போது இதே கணக்கை 400 யூனிட் வீட்டுக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 7,050 போட்டால் 25 வருஷத்தில் நாலரை லட்சம். பேங்க் ஜெயிக்கிறது.

ஒரு நிபந்தனை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மிச்சமான பணத்தை உண்மையிலேயே எடுத்து வைத்தால்தான் இந்தக் கணக்கு. பில் குறைந்ததும் அது மாதச் செலவில் கரைந்துவிடும், யாருக்கும் தெரியாது. நாங்கள் பேனல் போட்ட மாதத்திலேயே மாசம் 2,000 ரூபாய்க்கு ஆர்.டி. ஆரம்பித்தோம், ‘சோலார்’ என்றே பாஸ்புக் மேல் எழுதி வைத்திருக்கிறாள் மனைவி. பெண்ணின் காலேஜுக்கு.

2025 ஜூலை 6

இந்த ஜூலையிலும் கட்டணம் ஏறியது, 3.16 சதவீதம். வீடுகளுக்கு அதை அரசே ஏற்றுக்கொண்டதால் நமக்கு மாற்றமில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விற்பனைக்காரர்கள் காட்டும் எக்செல் தாளில் கட்டணம் வருஷத்துக்கு 8, 10 சதவீதம் ஏறும் என்று வைத்திருப்பார்கள். நடந்தது என்ன? 2014-க்குப் பிறகு 2022 வரை பெரிய ஏற்றம் இல்லை. 2022 செப்டம்பரில் ஒரே அடியாக ஏறியது. அதற்குப் பிறகு விலைவாசிக் குறியீட்டோடு கட்டி, உச்சமாக 6 சதவீதம் என்று வைத்தார்கள்: 2.18, 4.83, இப்போது 3.16. உங்கள் தாளில் 3 சதவீதம் போடுங்கள். அதிலும் கணக்கு நின்றால் தைரியமாகப் போடலாம்.

2025 ஆகஸ்ட் 10

கரூர் தம்பி எழுதியிருக்கிறார். ஃபேன் மாற்றிவிட்டார்களாம், பில் அறுநூறுக்கு வந்திருக்கிறது. இப்போது வீட்டில் கைக்குழந்தை, ஒரு ஏசி வாங்கியாயிற்று, மின்சார ஸ்கூட்டரும் வந்துவிட்டது, யூனிட் 600-ஐத் தொடுகிறது. இனி என்ன?

இனி கணக்கு வேறு. ஸ்கூட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட்டுக்குப் பக்கம்தான் இழுக்கும், பெட்ரோலில் மிச்சமாவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. யூனிட்டைத் தின்பது ஏசி. 2 கிலோவாட் போடலாம். அப்பாவின் பணத்தைத் தொடாதீர்கள், மத்திய அரசின் இந்த சோலார் மானியத் திட்டத்துக்கென்று அரசு வங்கிகள் 7 சதவீதத்துக்குள் கடன் கொடுக்கின்றன, 2 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. மானியம் வேலை முடிந்து மீட்டர் மாறிய பிறகு உங்கள் கணக்குக்கே வரும், வந்ததும் அப்படியே கடனில் கட்டிவிடுங்கள். 10 கிலோவாட் வரைக்கும் ஈ.பி. லைன் தாங்குமா என்று பார்க்கும் தனி சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் விதியையே மாற்றிவிட்டார்கள், ஆகவே அனுமதி வாங்கித் தருகிறேன் என்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9-லிருந்து மாலை 4 வரை சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். சூரியன் தெற்கே சாயும் மார்கழியில் நிழல் இன்னும் நீளும், அதற்கும் இடம் விடுங்கள். ஒரே தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த ஒன்றோடு நிற்காமல் போகலாம்.

2025 செப்டம்பர் 28

பேனலுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, 22-ம் தேதியிலிருந்து. பழைய கொட்டேஷன் கையில் இருக்கிறவர்கள் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பொருளுக்கு 70, வேலைக்கு 30 என்று பிரித்து வரி போடுவார்கள், அதனால் மொத்தத்தில் 13.8 ஆக இருந்தது 8.9 ஆகும். இரண்டு லட்சம் வேலையில் எட்டாயிரத்துக்கு மேல் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

2025 அக்டோபர் 26

நேரத்துக்கு ஒரு விலை என்ற முறை வீடுகளுக்கும் வந்தால் சோலார் கணக்கு அடிபடாதா என்று சேலம் சார் கேட்கிறார். மத்திய அரசின் 2023 விதி அப்படித்தான் போகிறது: வெயில் நேரத்தில் 10-லிருந்து 20 சதவீதம் மலிவு, மாலை உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதல், ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளுக்கு. வந்தால் பகலில் நாம் அனுப்பும் யூனிட்டின் மதிப்பு குறையலாம். மோட்டாரை எப்போது போட்டாலும் ஒன்றுதான் என்று மேலே நான் எழுதியதும் அன்றைக்கு மாறும், வாஷிங் மிஷின், மோட்டார், ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாம் பகலுக்கு நகர வேண்டும். என் கணக்கில் மிச்சத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்டுப் பார்த்தேன், ஐந்து வருஷம் ஆறாகிறது. எனக்கு அது சம்மதம்.

2025 நவம்பர் 9

அபார்ட்மென்ட்காரர்கள் இங்கே வந்து ‘எங்களுக்கு மாடியே சொந்தமில்லை’ என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்கள் பொது மீட்டரைப் பாருங்கள். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடும் அந்த இணைப்புக்கு வீட்டு இணைப்புக்கு உள்ளதுபோல் 100 யூனிட் இலவசம் இல்லை, மலிவான கீழ்த்தட்டும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை. பேனல் வெட்டும் ஒவ்வொரு யூனிட்டும் விலையுள்ள யூனிட். சங்கத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியமும் உண்டு. இருபது வீட்டுக்காரர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆகும் செலவு ஒரு நல்ல போன் விலைக்குள் வந்துவிடும், மெயின்டனன்ஸ் குறைவது எல்லோருக்கும் தெரியும். சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது கடைசி ஆறு பொது பில்லை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். கொட்டேஷன் மூன்று பேரிடம் வாங்குங்கள், மூன்றிலும் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்த டிசிஆர் வகை என்று எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் வராது. கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள், அதற்கும் கணக்குப் போடுவோம்.